உட்கார்ந்து பார்க்காத பில்

லாரியில் ஏற்றுமுன் ஒவ்வொரு அட்டைக் கட்டிலிருந்தும் ஒன்றை உருவி, பெட்டியாக மடித்து ஒட்டி, கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிடுவார் பெட்டிக்கார அக்கா. ஆள் கொஞ்சம் கனம்தான். அதுதான் தன் மூலதனம் என்பார். "என்னையே தாங்கிடுச்சுன்னா எவன் சரக்கையும் தாங்கும்பா. ஏத்து!" அவருடைய அட்டைப்பெட்டிப் பட்டறையின் பதினோரு பேரும் வாய்க்குள் சிரித்தபடி ஏற்றுவார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. லேசுப்பட்ட காரியமா அது!

வாங்குகிற சோப்புக் கம்பெனியோ பணம் தரத் தொண்ணூறு நாள் இழுத்தடிக்கும். அதுவரை பட்டறை காற்றைக் குடித்தா ஓடும்? அதனால் அக்கா பில்களையே ஒரு நிதி நிறுவனத்துக்கு விற்றுவிடுகிறார். நூற்றுக்கு எண்பது கையோடு வரும். கம்பெனியிடம் அவர்களே வசூலித்து, கமிஷன் போக மிச்சத்தைப் பிறகு தருவார்கள். சரக்கில் குறை என்று கம்பெனி சொல்லிவிட்டால் மட்டும் பில் அக்கா தலையிலேயே திரும்ப விழும்.

போன வெள்ளிக்கிழமை நிதி நிறுவன அதிகாரி ஒப்பந்தத்தோடு வந்திருந்தார். மூன்று பில்கள். மறுநாள் சம்பளம், மூன்றும் விற்றால்தான் பதினோரு பேருக்கும் முழுசாகக் கிடைக்கும். கையெழுத்துப் போடப்போன அக்கா, மூன்றாவது பில்லின் தேதியைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். இது தம்பி ஏத்திவிட்ட லோடு. நான் உக்காரல சார்."

"சரக்கு வந்துடுச்சுன்னு கம்பெனியே கையெழுத்துப் போட்டுட்டாங்களேம்மா. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாதே."

பக்கத்தில் நின்ற தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, நாளைக்கு சம்பளம். போய்க் கிளறினா அவங்க ஏதாவது குறை கண்டுபிடிப்பாங்க. சும்மா இரேன்!"

"கண்டுபிடிக்கட்டும். சாரோட காச வாங்கினப்புறம் கண்டுபிடிச்சா அது இன்னும் அசிங்கம்டா."

அக்கா ஒன்று நினைத்துவிட்டால் யார் தடுப்பது! அதிகாரியையும் தம்பியையும் வேனில் ஏற்றிக்கொண்டு நேரே சோப்புக் கம்பெனிக் கிடங்குக்குப் போனார். கிடங்குக்காரரும் சுமை தூக்குகிறவர்களும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, அந்த லோடிலிருந்து ஓர் அட்டையை உருவி, பெட்டியாக மடித்து ஒட்டிக் கவிழ்த்தார். "கண்ணு, மானத்த வாங்கிடாத" என்று பெட்டியிடமே சொன்னார். பிறகு தொப்பென்று உட்கார்ந்தார். அட்டை ஒருமுறை முனகியது. தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

பெட்டி அசையாமல் நின்றது. அக்கா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"பேனாவக் குடுங்க சார்."