ஆறு திங்கள்

பக்கத்து வீட்டில் என்ன நடந்தாலும் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வரிசையில் ஆறு வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. விசில் கேட்டாலே எந்த வீட்டுக் குக்கர் என்று சொல்லிவிடுவேன். அப்படியிருக்க, பக்கத்து வீட்டுப் பெண் திங்கட்கிழமைகளில் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது என் கண்ணில் படாமல் போகுமா?

அவளுக்கு இருபது வயது, திருவண்ணாமலைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து ஒரு வருஷம்தான். புருஷனுக்கு ஹெப்பகோடியில் கம்பெனி வேலை. கன்னடம் அவளுக்குச் சுத்தமாக வராது. அவள் பெண்ணும் என் பையனும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள், இருவருக்கும் தலைச்சன்.

மற்ற நாட்களில் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், நீர் கலந்த பசும்பால் என்று ஏதாவது பாலாடையில் போய்க்கொண்டே இருக்கும். திங்கட்கிழமையானால் தலைக்குக் குளித்துவிட்டு, பாலாடையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அன்று முழுக்கத் தாய்ப்பால்தான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. யாராவது பாசமாகக் குழந்தை நாக்கில் தேன் தடவப் போனால் கையைப் பிடித்து நிறுத்துவாள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். கேட்டுவிட நாக்கு துறுதுறுத்தது. சாமி காரியமாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். எனக்கு அது பெரிய விஷயம்.

இரண்டாவது தடுப்பூசிக்கு இருவரும் ஒன்றாகப் போனோம். என் பையன் எடை ஏறியிருந்தான். அவள் பெண் போன தடவை இருந்த அதே எடை. நடுவில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு வேறு. அடுத்த தடவையும் ஏறவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று நர்ஸ் கறாராகச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அவள் அழ ஆரம்பித்தாள். தனக்குப் பால் போதவில்லையாம், மாமியார் டப்பா பால் வாங்கச் சொல்லிவிட்டாராம். போன தடவையே படித்துப் படித்துச் சொன்னேனே, கேட்டாளா என்று நர்ஸ் என் மேல் பாய்ந்தார். அதையும் சொன்னேன்.

"கேட்டேனேக்கா," என்றாள் அவள். "ஒரு வாரம்கூட விடல. ஆறு திங்கள்ல நாலு முடிஞ்சிடுச்சி. இன்னும் ரெண்டுதான்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். போன தடவையும் நர்ஸ் சொன்னதை அவளுக்குத் தமிழில் சொன்ன மகராசி நான்தான். நர்ஸ் சொன்னது, "ஆறு திங்களு பரீ எதெ ஹாலு." ஆறு மாதம் வெறும் தாய்ப்பால். நானும் பெரிய பண்டிதை மாதிரி, "ஆறு திங்கள் வெறும் தாய்ப்பால்தானாம்" என்று திருப்பிச் சொல்லியிருந்தேன். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற எங்கள் வாயில் திங்களும் மாதமும் ஒன்றுதான். அவளுக்குத் திங்கள் என்றால் திங்கட்கிழமை. அதுவும் அவள் ஊர்ச் சாமிக்கு உகந்த கிழமை. இந்த ஊர் நர்ஸுக்குக்கூட நம்ம சாமி மேல் இவ்வளவு பக்தியா என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள்!

வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். தராசில் கிடந்த குழந்தையின் கால்கள் குச்சி மாதிரி இருந்தன. தப்பு என்னுடையது என்று நர்ஸிடம் கன்னடத்தில் ஒப்புக்கொண்டேன். அவமானமாக இருந்தது.

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ உன் பையனுக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். தாய்ப்பால் மட்டும்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வேறு எதுவுமே இல்லையா? எதுவுமே இல்லை. அந்த அளவு கன்னடம் அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"தண்ணி குடுப்பீங்களேக்கா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொடுத்தேன்தான், தினமும் நாலைந்து தடவை. இந்த வெயிலில் பெரியவர்களுக்கே தொண்டை வறள்கிறது. தண்ணீர் ஒரு ஆகாரமா என்று நர்ஸிடமே சண்டைக்குப் போனேன். தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது, உள்ளங்கை அளவு வயிற்றைத் தண்ணீரால் ரொப்பினால் பாலுக்கு இடம் ஏது என்றார் அவர். ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிவிட்டது என் கதை. ஆறு மாதம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. 'வெறும்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலமே அவள் பாலாடையைப் பரணில் போட்டாள். அடுத்த நாலு வாரமும் எனக்கு என் பிள்ளையைவிட அவள் பிள்ளை மேல்தான் கவலை. மாமியார் போனில் திட்டும்போதெல்லாம் நானே போனை வாங்கி, ஆறு மாசம், ஆறு மாசம் என்று அழுத்திச் சொன்னேன். ஒரு நாள் மத்தியானம், பழக்க தோஷம், பையனுக்குக் கொடுக்க ஸ்பூனில் தண்ணீர் எடுத்துவிட்டேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு என்ன கெழம?"

"வியாழன்."

"இல்லக்கா. திங்கள்."

ஸ்பூனை அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன்.

மூன்றாவது தடுப்பூசிக்குப் போனபோது வேறு நர்ஸ் இருந்தார். குழந்தையைத் தராசில் கிடத்திவிட்டு அவள் என் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முக்கால் கிலோ ஏறியிருந்தது. எனக்குத்தான் முதலில் கண்ணீர் வந்தது. நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டே, குழந்தைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தனக்குத் தெரிந்த கன்னடத்தில் தானே பதில் சொன்னாள்.

"தினா சோமவாரா, சிஸ்டர்."

தினமும் திங்கட்கிழமை. நர்ஸ் விழித்தார். இவள் என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.