அரிசி வாளிக்குள் ஓர் அடையாள அட்டை

நான் ஒரேயொரு தடவைதான் களவெடுத்திருக்கிறேன். எடுத்தது வாப்பாவின் அடையாள அட்டை. அப்போது எனக்கு எட்டு வயது.

சண்டை முடிந்து மன்னார்ப் பாதை திறந்திருந்தது. வாப்பா பதினாறு வயதில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு கரைத்தீவுக்கு வந்தவர். உம்மா கரைத்தீவிலேயே பிறந்தவர். நாங்கள் குடியிருந்ததும் உம்மாவின் சீதன வீடு. பாதை திறந்த நாளிலிருந்து வாப்பா தன் பழைய காணியைப் பற்றியே கதைத்தார். எங்கள் ஒழுங்கையிலிருந்து அப்படிக் காணி பார்க்கப் போன இருவர் திரும்பவேயில்லை. ஒருவர் அங்கே இன்னொரு நிக்காஹ்வும் முடித்துவிட்டாராம். உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி, உம்மாவின் காதில் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வாப்பா செருப்பைப் போட்டாலே வாசலுக்கு ஓடுவேன்.

அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாப்பாவும் காணி பார்க்கப் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அதை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தேன். பயணச் சோறும் அதே வாளியிலிருந்துதான் வரவேண்டும் என்பது என் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

விடிந்ததும் வாப்பா அலுமாரியைக் கவிழ்க்காத குறையாகத் தேடினார். உம்மா அரிசி அளக்கும் சுண்டோடு வாளியைத் திறந்தார். அரிசியோடு அட்டையும் வந்தது. உம்மா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவரும் ஒரு கிழமையாகத் தூங்கவில்லை. திரும்பவும் புதைத்துவிடுவார் என்றே நம்பினேன்.

உம்மா அட்டையை முக்காட்டு நுனியால் துடைத்தார்.

"இந்தாங்க, அலுமாரிக்கு அடியில கிடந்திச்சி."

உம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எப்ப வருவாரெண்டு கேளுங்க உம்மா!" என்று அழுதேன். உம்மா கேட்கவில்லை. சோற்றுப் பார்சலைக் கொடுத்து, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

வாப்பா போன பிறகு போன் எடுத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை. உம்மா ஒவ்வொரு நாளும் வாப்பாவுக்கும் சேர்த்தே உலை வைத்தார். மிஞ்சியதைக் கோழிகள் தின்றன. ஏழாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க அத குடுக்காட்டி வாப்பா நிண்டிருப்பாரே?"

"ஓம் மகள், நிண்டிருப்பார்" என்றார் உம்மா.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வாப்பா வந்தார். கறுத்து, தாடி வளர்ந்து, கையில் ஒரு பை பாலைப்பழத்தோடு. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். உம்மா சிரித்தார். "சோறு போடவா?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனார்.

சோறு வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒன்பது நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத உம்மா, அரிசி வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அதுதான் வாப்பா வந்துவிட்டாரே, இனி எதற்கு அழுகை என்று எனக்கு விளங்கவேயில்லை.