பைட்டர் மீன்மேல் விழுந்த பழி

போன கிழமை எங்கள் வீட்டில் ஒரு கொலை வழக்கு நடந்தது. செத்தது, என் மனைவி ராதா ஆசையாக வாங்கிவந்த எட்டுச் சிவப்புக் குட்டி றால்களில் ஒன்று. பழி விழுந்தது என் நீல நிறப் பைட்டர் மீன்மேல்.

இரண்டையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் விடலாமா? தாராளமாக விடலாம், என் மீன் தங்கமான பிள்ளை என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். ராதா அப்போதே சொல்லிவிட்டாள்.

"ஒரு றால் குறைஞ்சாலும் உங்கட மீன் இந்த வீட்டில இரிக்கேலாது. பக்கத்து வீட்டுக் கிணத்துக்குள்ள விட்டுருவன்."

மூன்றாம் நாள் காலை, தொட்டி மணலில் ஒரு றால் கோது கிடந்தது. தலை, கால், மீசை எல்லாம் இருந்தன. உள்ளே சதை மட்டும் இல்லை. எண்ணிப் பார்த்தால்... ஏழுதான்!

"வந்து பாருங்க உங்கட தங்கத்த!" என்று கத்தினாள் ராதா.

நான் விடுவேனா? அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டேன். மச்சானுக்குக் கந்தோரில் கிளார்க் வேலை. ஆனால் றால் விசயத்தில் எங்கள் ஊர் ஆரையம்பதியிலேயே தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். கோதை எடுத்து நசித்தார். மணந்து வேறு பார்த்தார்!

"கோது கிடந்தா ஆரோ திண்டாச்சு எண்டுதானே மச்சான்? மறுகா என்ன விசாரணை?" என்று எனக்கே தீர்ப்புச் சொன்னார்.

என் மீன் ஜாம் போத்தலுக்குப் போனது. விடிந்ததும் கிணறு. அந்தக் கிணற்றில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் இருக்கிறது... ஒரே வாய்தான். அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. சிரிக்காதீர்கள், உண்மையாகவே இறங்கவில்லை.

காலையில் போத்தலும் கையுமாகப் புறப்பட்ட ராதா தொட்டியடியில் நின்றுவிட்டாள். மணலில் இன்னொரு கோது!

கொலைகாரன் அவள் கையில், போத்தலுக்குள். அப்படியானால் இதைத் தின்றது யார்? திரும்பி என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை... ஐயோ!

மீன் விற்ற கடைக்காரருக்கு அவசரமாகப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"ஐயா, றால் வளரக்குள்ள பழைய கோதைக் கழட்டிப் போடும். புதுசு இறுகுமட்டும் ஒளிச்சு இரிக்கும். பாசிக்குள்ள பாருங்க."

பாசியை விலக்கினேன். எட்டும் இருந்தன!

பல்லு முளைத்த நாளிலிருந்து றால் உரிக்கிறவர்கள் நாங்கள். கோதைக் கண்டால் சாப்பாடு முடிந்தது என்றுதான் எங்களுக்குத் தெரியும். அந்தச் சீவன் தானாகவே கழற்றும் என்று எவராவது நினைத்தோமா?

ராதா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போத்தலைத் தொட்டிக்குள் மெல்லக் கவிழ்த்தாள். "சரி, இரிக்கட்டும்," என்றாள். எனக்கு அதுவே போதும்.

அந்தச் சந்தோசத்தில் மச்சான் சந்தைக்குப் போய் ஒரு கிலோ றால் வாங்கிவந்தார். மத்தியானம் மூவரும் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிட்டோம்.