அந்த ஊசி மருந்து வந்த இடம்

கூச்சத்தால் இதை எழுதாமலே பல வருடங்களைக் கடத்திவிட்டேன். ஆண்டவர்தான் இன்று துணிவு தந்தார்.

எழுபதுகளின் கடைசியில் நான் பிள்ளைக்காக ஏங்கியபோது, கண்டி டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசியை ஹட்டனில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி போட்டுவிட்டார். ஒல்லியான உடம்பு, கண்ணாடிக்குப் பின்னால் சிரிக்கும் கண்கள். குளிரில் சில்லிட்ட மருந்துக் குப்பியை உள்ளங்கைகளில் உருட்டிச் சூடாக்கிய பிறகே ஊசியில் ஏற்றுவார்.

"இவ்வளவு நாளா முழுங்குன மாத்திரைக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம், மிஸ்ஸி?" என்று கேட்டேன்.

"மாத்திரை மூளையைத் தூண்டி, அது வழியா முட்டையை வளர்க்கப் பாக்கும். ஒங்களுக்கு அது கேக்கல. இந்த ஊசி நேரா சூலகத்துலயே வேலை செய்யும். வேகம் கூட. ரெட்டைப் புள்ளயும் வரலாம். வயிறு வீங்குனா ஓடி வந்துருங்க."

"இதை எதுல செய்றாங்க?"

"மாதவிடாய் நின்ன பொம்பளைங்க மூத்திரத்துல. வெளிநாட்டுல வயசான கன்னியாஸ்திரிமாரும் புடிச்சுக் குடுக்குறாங்களாம்."

நான் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டேன். "ஐயோ, தோட்டத்து லயத்து வீடுகள்ல கேட்டா சிரிப்பாங்க மிஸ்ஸி!"

"சிரிக்கட்டும். ஆண்டவருக்கே வாழ்க்கைப்பட்டவங்க, ஒங்களுக்குப் புள்ள கெடைக்கணும்னு குடுத்திருக்காங்க. படுங்க."

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு படுத்தேன்.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். காட்டப் போனபோது மிஸ்ஸி மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்காகவும், முகம் தெரியாத அந்தக் கன்னியாஸ்திரித் தாய்மாருக்காகவும் இன்றும் செபிக்கிறேன். இதைப் படிப்பவர்கள் பிறருக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது வெட்கப்பட்டு மூத்திரத்தைப் பன்னீராக்கிவிடாதீர்கள்.