டீச்சர் வீட்டுத் தென்னையில் கேட்ட சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன் காரைக்கால் தலத்தெருவில் நடந்தது இது. கணவர் கத்தாரில் இருந்தார். எங்கள் கொல்லையில் நின்ற தென்னை திடீரென்று குருத்து சாய்ந்து பட்டுப்போக, நானே ஆள் வைத்து வெட்டினேன். தென்னை வெட்டினால் அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கொரு துண்டு கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர், உட்கார்ந்து துணி துவைக்க ஒரு துண்டு கேட்டார். அவருடைய ஒரே தென்னையின் அடியில் உருட்டிக்கொண்டு போய்ப் போட்டேன். உதவி செய்த பெருமை வேறு!

மூன்று மாதம் கழித்து, தெருவில் மரங்கள் வரிசையாகப் பட்டுப்போவதைப் பார்க்க வேளாண் அலுவலர் வந்தார். "இது சிவப்புக் கூன்வண்டும்மா. வெட்டுன மரத்த எரிச்சிட்டீங்கள்ல?" என்று கேட்டார். டீச்சர் வீட்டில் கிடக்கும் துண்டுதான் நினைவுக்கு வந்தது. துண்டுக்குள் இருக்கும் புழு வண்டாகி அடுத்த மரத்துக்குப் பறக்குமாம். மரத்தில் காதை வைத்தால் புழு தின்னும் சத்தம் கேட்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தபோது, திருடி மாதிரி நுழைந்து அவர் மரத்தில் காதை வைத்தேன். கரக், கரக் என்றது. யா அல்லாஹ்! அந்த மரம் அவர் அடுப்படிக் கூரைமேல் சாய்ந்து நிற்கிறது. கொண்டை முறிந்தால் நேராக அவர் தலையில்தான்.

டீச்சருக்குக் காது மந்தம். நான் வாயைத் திறக்காவிட்டால் காரணம் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்படி ஒரு நினைப்பு வந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் போய், காதருகே உரக்கச் சொன்னேன். உட்கார்ந்திருந்த துண்டிலிருந்து எழுந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கூட்டிவந்த அலுவலர் மரத்தில் மருந்து ஊற்றி, புழு துளைத்த ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தார். "புதுக்குருத்து வந்தா பொழைச்சுது, இல்லாட்டி வெட்டிர வேண்டியதுதான்" என்றார். அந்தத் துண்டைப் பிளந்து நானே எரித்தேன். டீச்சர் அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் போனது. காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல். "ஏம்மா, செத்த வந்து மரத்துல காத வச்சுப் பாரேன். எனக்குத்தான் ஒண்ணும் கேக்காதே."

ஓடினேன். "இன்னும் லேசாக் கேக்குது டீச்சர்" என்று உள்ளதைச் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் போனேன். ஒரு நாள் எவ்வளவு நேரம் காதை வைத்தும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் புதுக்குருத்து நிமிர்ந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன்.

இன்றும் டீச்சர் அவ்வப்போது கூப்பிடுகிறார், நான் போய்க் கேட்டுச் சொல்கிறேன். கேட்டதை மறைக்கப் பார்த்த காதைத்தான் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அதனாலேயே அந்த மரத்தில் காதை வைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.