பதினொன்றில் திரும்பும் பாட்டு

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. மன்னார்புரத்தில் பழைய சிடி விற்கும் கடைக்குச் சண்டை போடக் கிளம்பினேன்.

முந்தின வாரம் அங்கே ஒரு சிடி வாங்கியிருந்தேன். பல்கேரியா தேசத்துக் கிராமப் பெண்கள் பாடியது. வழக்கம்போல் தொடையில் தாளம் போட்டுக் கேட்டேன். எட்டில் நிற்கவில்லை, ஏழிலும் அடங்கவில்லை. என் கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். நாற்பது வருஷம் சபாவில் முன்வரிசையில் தப்பாத கை இது.

சிடியில் கீறல் இருக்க வேண்டும். இல்லையென்றால் என் காது போய்விட்டது. காதுக்குக் கருவி வைக்கச் சொல்லி டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். எந்தக் கடையில் வாங்குவது என்றும் அவரே சொன்னார். அதனாலேயே நான் நம்பவில்லை. கீறல்தான் என்று முடிவு கட்டினேன்.

கடைக்காரர் சிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு சார்."

"அப்புறம் ஏன் தாவுது?"

"எங்க தாவுதுன்னு நீங்களே காட்டுங்க." தன் பிளேயரில் போட்டார்.

அங்கேயும் தாவியது. அந்தப் பிளேயர் மீதும் சந்தேகப்பட்டபடி, தாளத்தை விட்டுவிட்டு விரலை மடக்கி எண்ணினேன். பதினொன்று. மறுபடி பதினொன்று. இருபது சுற்று பார்த்தேன். கீறல் இவ்வளவு ஒழுங்காக விழாது. பாட்டே பதினொன்றில் திரும்புகிறது!

"பணத்தைத் திருப்பிக் குடுக்கணுமா சார்?"

"வேண்டாம். இதே மாதிரி வேற தேசம் இருந்தா எடுங்க."

மாலி ஒன்று, மங்கோலியா ஒன்று வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதது கூட உறைக்காமல் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன். முதல் வேலையாக மனைவியை உட்காரவைத்துப் பல்கேரியாவைப் போட்டேன்.

"எண்ணிப் பாரு. பதினொண்ணு. என் காதுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் எண்ணவில்லை. தலையாட்டிக்கொண்டே கேட்டாள். "அந்தக் குட்டி மணிதாங்க அழகு."

"எந்த மணி?"

"முதல்லேருந்து கூடவே கிணுகிணுங்குதே."

நான் ஒலியைக் கூட்டினேன். பெண்கள் பாடினார்கள், மத்தளம் போல் ஏதோ அதிர்ந்தது. மணி இல்லை. அவள் சிரிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

"டாக்டர் எனக்கும் கமிஷன் குடுத்துட்டார்னு நினைக்கிறீங்களா?" என்றாள்.

வேறு மூன்று கடையில் விலை விசாரித்துவிட்டு, டாக்டர் சொன்ன இடத்திலேயே காதுக் கருவி வாங்கினேன். மணி இருக்கிறது. சிடி மூன்றுக்கு முந்நூற்று அறுபது, கருவி ஒரு ஜோடி முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. ஆக, முப்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.