ஜன்னலோரம் படுத்திருந்த என் மகன்

என் மகன் சாமுவேல் ஜெயிலில் இருக்கிறான். இதைத் தலைகுனிந்து எழுதவில்லை. ஆண்டவர் செய்ததை மறைத்தால்தான் எனக்கு வெட்கம்.

தெருவில் நடந்த ஓர் அடிதடியில் அவனையும் சேர்த்துப் பிடித்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. நான் மயிலாப்பூரில் பிளவுஸ் தைக்கிறவள். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவேன், டேப் எல்லாம் ஒப்புக்குத்தான். போன வருடம் ஆடி மாதம் மனு போட்டு அவனைப் பார்க்கப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம், நான் தைத்துக் கொடுத்த சட்டை ஹேங்கரில் மாட்டியதுபோல் அவன் மேல் தொங்கியது. பேசவிடாமல் இருமல் வேறு.

“இன்னாடா இது இருமல்?”

“ஒண்ணும் இல்லமா. உள்ள எல்லாரும் பீடி வலிக்கறாங்க. அந்தப் பொகைதான்.”

வீட்டுக்கு வந்து உடைந்துபோனேன். ஜாமீன் கிடைக்க வேண்டும் என்று ஜெபித்தேன். சபைப் பெண்களும் எனக்காக உபவாசம் இருந்தார்கள். ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது. அன்று ஆண்டவரோடு சண்டையே போட்டேன்.

அடுத்த முறை போனபோது இன்னும் இளைத்திருந்தான். சாயங்காலமானால் காய்ச்சல் என்றான். டாக்டரிடம் சொல்லேன்டா என்று கெஞ்சினேன்.

“சொன்னா தனியா வெச்சுடுவாங்கமா. ஜன்னலாண்ட எடம் பூடும்.”

அவன் அறையில் இடத்துக்கு மீறி ஆட்கள். தோளோடு தோள் ஒட்டித்தான் படுப்பார்களாம். புதிதாக வருகிறவனுக்குக் கக்கூஸ் ஓரம். நாள் போகப் போக நகர்ந்துதான் அங்கிருக்கிற ஒரே ஜன்னல் பக்கம் வர முடியும். இவன் அப்போதுதான் நகர்ந்து நகர்ந்து ஜன்னலோரம் வந்து சேர்ந்திருந்தான்.

அப்போது என் வாயில் வந்தது என் சொந்த வார்த்தை அல்ல என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

“ஜன்னலாண்ட பட்துகினு இருமறியே, காத்து உன்னத் தாண்டித்தானடா மத்தவங்களாண்ட போவுது?”

அதோடு பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஜாமீனை விட்டுவிட்டேன். “ஆண்டவரே, அவன் வாயைத் திறவும்” என்று மட்டும் கேட்டேன்.

அந்த வாரமே அவனாகப் போய் டாக்டரிடம் சொன்னான். சளியைப் பரிசோதித்தார்கள், டிபி. அதோடு நிற்கவில்லை என் பிள்ளை. பக்கத்தில் படுத்தவர்கள் யார், சோறு இறங்காமல் மெலிந்தவர்கள் யார், வீட்டில் முன்பே இந்த நோய் இருந்தவர்கள் யார் என்று எல்லாம் சொன்னான். “எங்களையும் மாட்டி வுடறியா?” என்று சிலர் திட்டினார்கள். அவன் அசையவில்லை. பரிசோதனையில் இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. சீக்கிரம் தெரிந்ததால் மருந்து சீக்கிரம் தொடங்கியது. அதில் ஒருவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

மாத்திரை போட்டால் குமட்டும். ஆனாலும் ஒரு நாள்கூட விடவில்லை. ஈஸ்டருக்கு முன் குணமானான். இப்போது அறைக்கு யார் புதிதாக வந்தாலும் இருமல் இருக்கிறதா என்று முதலில் கேட்கிறவன் அவன்தான். ஜன்னல் பக்கம்? அதை ஒரு பெரியவருக்கு விட்டுவிட்டானாம்.

ஜாமீன் இன்னும் வரவில்லை. வரும், ஜெபிக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் உள்ளே இருந்தால், வழக்கை விசாரிக்கும் முன் இருமலை விசாரியுங்கள். பிறகு ஆண்டவரிடம் கேளுங்கள். நாம் கேட்டதைவிட நமக்கு வேண்டியதை அவர் அறிவார்.

பழைய சட்டை தோளில் பிடிக்கிறது என்றான் போன வாரம். இன்று கடையில் மற்ற வேலையை ஓரம் வைத்துவிட்டு அவனுக்குத் துணி வெட்டினேன். பிளவுஸ் வாங்க வந்த அம்மா, யாருக்கு இந்தச் சட்டை என்று கேட்டார். ஜெயிலில் இருக்கிற என் மகனுக்கு என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.